அந்தத் தீவுகளில் தங்க முடியாது, ஆனாலும் வாருங்கள்

கோயம்புத்தூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: "இராமநாதபுரம் கடலில் ஆளே இல்லாத 21 தீவுகள் இருக்கின்றனவாம். ஒன்றில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாமா? பவளப்பாறை, ஆமை, கடல் பசு எல்லாம் பார்க்கலாமா? பிள்ளைகள் இரண்டு பேர், மூன்று நாள் விடுமுறை. அந்தமானுக்குப் பதிலாக இங்கே வந்தால் ஏமாந்து போவோமா?" தங்குவதைப் பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். முடியாது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது கடைசிக் கேள்வியைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் கடல் உயிரியல் படித்தவன். மண்டபத்தில் தங்கி, பவளப்பாறைக் கணக்கெடுப்புக்காக இந்தக் கடலில் 17 வருடமாக முங்கிக்கொண்டிருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் பற்றியும், எந்த மாதம் எந்தக் கடல் எப்படி இருக்கும் என்பதைப் பற்றியும் நம்பிச் சொல்வேன். விடுதி வாடகை, படகுக் கட்டணம், புறப்படும் நேரம் இவையெல்லாம் அடிக்கடி மாறுகிறவை. அவற்றைக் கிளம்புவதற்கு முந்தின நாள் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே சரி.

பாம்பனில் ஆரம்பித்துத் தூத்துக்குடி வரை, கரையிலிருந்து சராசரியாக எட்டு பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு வரிசையாகக் கிடக்கின்றன இந்தத் தீவுகள். மண்டபம் பக்கம் ஏழு, கீழக்கரை பக்கம் ஏழு, வேம்பார் பக்கம் மூன்று, தூத்துக்குடி பக்கம் நான்கு. 1986-ல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கினார்கள். புலிக்காட்டின் நடுவில் நாம் கூடாரம் போட முடியாது இல்லையா? இங்கேயும் அதே சட்டம்தான். "ஆளுக்கு இவ்வளவு கொடுங்கள், ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் வந்து கூட்டிக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். மாட்டினால் வழக்கு அந்தப் படகுக்காரர் மேலும் விழும், உங்கள் மேலும் விழும். சட்டத்தை விட்டாலும், இவை மலை இருக்கும் தீவுகள் இல்லை. பவளச் சல்லியும் மணலும் குவிந்து கடல் மட்டத்துக்கு மேல் கொஞ்சமே எழும்பி நிற்கிற திட்டுகள். பெரும்பாலானவற்றில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஒரு தீவுக்கு நல்லதண்ணி என்றும் பக்கத்திலேயே இன்னொன்றுக்கு உப்புத்தண்ணி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். கடலோடிக்கு அந்தத் தீவைப் பற்றி முதலில் எது தெரிய வேண்டுமோ, அதுவே பெயராக நின்றுவிட்டது. காரைச்சல்லி, ஆனைப்பார் என்ற பெயர்களையும் கவனியுங்கள். சல்லி என்றால் உடைந்த பவளத்துண்டு, பார் என்றால் கடலடிப் பாறைத் தரை. தமிழில் யோசித்துப் பார்த்தாலே பாதி நிலவியல் புரிந்துவிடும்.

அந்தமான் ஒப்பீட்டுக்கு வருகிறேன். நீலப் பச்சைத் தண்ணீர், தென்னை சாய்ந்த வெள்ளைக் கடற்கரை, நாள் முழுக்கக் குளியல் என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் படம் என்றால், ஆமாம், இங்கே ஏமாந்துதான் போவீர்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்காது. பாதிக் கடற்கரைகளில் மீனவர்கள் வலை காயப்போட்டிருப்பார்கள், கருவாடு காயும். ஆனால் உயிரினங்களைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால், இந்தியப் பெருநிலத்தின் கரையில் இதற்கு இணையாக ஓர் இடத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இந்த வளைகுடாவில் இதுவரை 4,200-க்கும் மேற்பட்ட உயிரின வகைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். கல் பவளம் மட்டும் 117 வகை. கடற்புல் வகைகளும் பத்துக்கு மேல். ஒரே சிக்கல், இதில் பெரும்பகுதி நின்று ஃபோட்டோ எடுக்கிற மாதிரி கண்ணெதிரே வந்து நிற்காது. எங்கே, எந்த மாதம், எந்த நேரம் என்று தெரிந்து போக வேண்டும்.

அதனால் காற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ள மீனவர்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே இருப்பதை ஆண் கடல். வடகடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் அமைதியாக இருப்பது. தென்கடல் ஆழமானது, இரைச்சல் போடுவது. ஆனால் வருடத்தில் ஒருமுறை இந்தக் குணம் தலைகீழாகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்ததும் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கும். சித்திரைக்குப் பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பினால் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். தனுஷ்கோடி மீனவர்கள் காற்று மாற மாற ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் படகை மாற்றிக்கொண்டு தொழில் செய்வது இதனால்தான்.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மே மாதக் கடைசியில், கீழக்கரையிலிருந்து ஒரு தீவுக்குக் கிளம்பினோம். வல்லம் ஓட்டுகிற அண்ணன் கரையிலேயே சொன்னார். "சார், இன்னைக்கு வேணாம். கச்சான் ஏறிக்கிட்டு இருக்கு. போய்ச் சேந்தாலும் தண்ணி கலங்கலாத்தான் கெடக்கும், ஒண்ணும் தெரியாது." எனக்கு அறிக்கை கொடுக்க வேண்டிய தேதி. வற்புறுத்தினேன். இரண்டு மணி நேரம் அலையில் அடிபட்டுப் போய் முங்கிப் பார்த்தால், நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. திரும்பும்போது கூட வந்த இரண்டு மாணவர்கள் வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டார்கள். அன்றிலிருந்து கரையில் இருப்பவர் "வேண்டாம்" என்றால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை. பிள்ளைகளோடு வருகிற நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் காலம் தை பாதியிலிருந்து பங்குனி பாதி வரை. பிப்ரவரி மிகவும் நல்லது. மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருக்கும், வாடை இறங்கியிருக்கும், கச்சான் இன்னும் வந்திருக்காது. வலசை வந்த பறவைகள் திரும்பியிருக்காது. ஆமைகள் முட்டையிட வந்துகொண்டிருக்கும். பிள்ளைகளின் முழு ஆண்டு விடுமுறையில் வந்தால் இதில் பாதி கிடைக்காது. பள்ளிக்கு மூன்று நாள் விடுப்பு எடுத்தாலும் தப்பில்லை என்பேன்.

தீவைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால் என்று ஒரு துறை. 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய இடம் அது, நினைவு மண்டபமும் உண்டு. அங்கிருந்து எதிரே தெரிவதுதான் குருசடைத் தீவு. வனத்துறை ஏற்பாட்டில் படகில் போய்வரலாம், அவர்கள் அனுமதிக்கிற இடம் வரை. வேறு எந்தத் தீவை நோக்கியும் தனியாகப் படகு பிடிக்க வேண்டாம்.

குருசடையைச் சும்மா ஒரு மணல் திட்டு என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்து விலங்கியலாளர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகத் தேடி வந்த இடம். சென்னை அருங்காட்சியகம் 1927-லேயே இந்தத் தீவைச் சுற்றியுள்ள உயிரினங்களுக்கென்று தனி நூல் வெளியிட்டிருக்கிறது. பிளஸ் ஒன் விலங்கியலில் பாலனோகிளாசஸ் என்று ஒரு புழு வருமே, முதுகெலும்பு இல்லாதவற்றுக்கும் இருப்பவற்றுக்கும் நடுவில் நிற்கிற உயிர் என்று மனப்பாடம் செய்தோமே, அது இந்தத் தீவின் மணலில் வாழ்கிறது. மணலைத் தின்று, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு, மீதியை முறுக்குப் பிழிந்த மாதிரிச் சுருள் சுருளாக வெளியே தள்ளும். தொட்டால் கையில் மருத்துவமனை வாடை அடிக்கும், ரொம்ப நேரம் போகாது. நான் கல்லூரிப் படிப்பில் முதல்முறை அதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் பெரிய பிள்ளை உயிரியல் படிக்கிற வயது என்றால் இந்தக் கதையைப் படகில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். வெறும் மணலைப் பார்க்கிற கண்ணும் மாறிப்போகும்.

பவளப்பாறை பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். படங்களில் வருகிற சிவப்பும் ஊதாவும் இங்கே அபூர்வம். பழுப்பு, மஞ்சள் கலந்த பச்சை, சாம்பல், இவைதான் அதிகம். நல்ல ஆரோக்கியமான பவளத்தின் நிறமே பெரும்பாலும் பழுப்புதான். அதன் உடம்புக்குள் குடியிருக்கிற நுண்பாசி கொடுக்கிற நிறம் அது. கோடையில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகி அப்படியே வாரக்கணக்கில் நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். அப்போது சுண்ணாம்பு எலும்பு மட்டும் வெளுப்பாகத் தெரியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே அப்படிப் பெரிதாக வெளுத்தது. 2016 மே மாதம் நான் முங்கியபோது, கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. கரையில் இருந்தவர்களுக்குக் கடல் அழகாகத் தெரிந்தது. கீழே எனக்கு முகமூடிக்குள்ளேயே கண் கலங்கிவிட்டது. வெளுத்ததெல்லாம் செத்ததாகாது. சூடு இறங்கினால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். நிறைய பிழைத்தது, நிறைய செத்தும் போனது. ஆகவே "வெள்ளைப் பவளம் பாருங்கள், எவ்வளவு அழகு" என்று யாராவது காட்டினால், அது காய்ச்சலில் கிடக்கிற உயிர் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

சூட்டுக்கு முன்பே நாம் செய்த கொடுமை ஒன்று உண்டு. பல பத்தாண்டுகள் பவளத்தை உடைத்துச் சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் அள்ளினார்கள். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லில் பூ அச்சுப் போட்ட மாதிரி இருக்கும், அதெல்லாம் பவளம். அந்தக் காலத்தில் அங்கே கிடைத்த கல் அதுதான், கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிற்பாடு வியாபாரமாக அள்ளியதன் விலை பெரிது. 21 தீவில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. 1969-ல் இருபது ஹெக்டேர் இருந்த காரைச்சல்லி இன்று அதில் கால்வாசிகூட இல்லை. பார் இருந்தால் அலை அதில் மோதி உடையும், தீவு நிற்கும். பாரை எடுத்தால் அலை நேராகத் தீவைத் தின்னும். 2001 முதல் பவளமும் கடல் குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடையில் பவளத்துண்டு விற்றாலும், கரையில் செத்துக் கிடந்தாலும், எடுத்து வராதீர்கள்.

கடல் பசு. இங்கே ஆவுளியா என்பார்கள். உங்கள் சின்னவள் இதைத்தான் ரொம்பக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் ஆசை காட்டாமல் சொல்கிறேன். பார்க்க முடியும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். இந்தியாவின் எல்லாக் கடலையும் சேர்த்தாலும் சில நூறுதான் இருக்கும் என்பது கணிப்பு. அதுவும் கணிப்புதான், எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. 17 வருடத்தில் நான் உயிரோடு பார்த்தது இரண்டே முறை, இரண்டும் சில நொடிகள். மூச்சு விட மூக்கை மட்டும் மேலே நீட்டிவிட்டு உள்ளே போய்விடும். ஆனால் அது மேய்ந்த தடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடற்புல் வெளியில் வரப்பு வெட்டின மாதிரி நீளமான வெறும் மணல் கோடு. நாளுக்கு முப்பது நாற்பது கிலோ புல் தின்கிற விலங்கு அது. பல வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். அதனால் ஒன்று வலையில் மாட்டிச் செத்தாலும் அந்த இழப்பை ஈடுகட்ட ரொம்ப காலம் ஆகும். மாட்டியதை வலையை அறுத்து உயிரோடு விட்ட மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வலையின் விலை என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும். 2022-ல் பாக் விரிகுடாவின் வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததும் நல்ல காரியம்.

ஆமை கிடைக்க வாய்ப்பு அதிகம். பங்குனி ஆமை, பெயர் சொல்கிற மாதிரி, தை முதல் பங்குனி வரை ராத்திரியில் கரையேறி நூற்றுக்கு மேல் முட்டையிடும். வனத்துறை ஆட்கள் அவற்றை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாப்பார்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் பொரிக்கும். தனுஷ்கோடிப் பக்கம் குஞ்சு விடுகிற நாள் உங்கள் பயணத்தில் அமையுமா என்பது அதிர்ஷ்டம். முன்கூட்டியே வனத்துறையில் கேளுங்கள். அமைந்தால் அதிகாலையில் எழுந்து போய்விடுங்கள், டார்ச், ஃப்ளாஷ் எதுவும் அடிக்காதீர்கள். கடல் பக்கத்து வெளிச்சத்தை நம்பித்தான் குஞ்சு நடக்கிறது.

தனுஷ்கோடிக்கு ஒரு காலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். பெரும்பாலோர் பத்து மணிக்கு வந்து, அரிச்சல்முனையில் ஒரு செல்ஃபி எடுத்து, வெயிலில் வாடித் திரும்புவார்கள். நீங்கள் பாதை திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். சாலையின் வடபக்கம் தேங்கியிருக்கிற உப்புநீர்ப் பரப்பில் பூநாரைகள் நிற்கும். தூரத்தில் வெள்ளைத் துணி காய்வது போலத் தெரியும். ஒன்று சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கிற செந்நிறம் தெரியும். பைனாகுலர் இரவல் வாங்கியாவது எடுத்து வாருங்கள். 2025 ஜூனில் இந்தப் பகுதியில் சுமார் 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். கிட்டே போகவோ, பறக்கவைத்துப் படமெடுக்கவோ வேண்டாம். அவ்வளவு தூரம் பறந்து வந்தவை அங்கே தின்று உடம்பு தேற்றிக்கொண்டிருக்கின்றன. மணலில் முள்ளுருண்டை மாதிரி உருண்டு வருவது இராவணன் மீசைப் புல்லின் கதிர். அந்தப் புல்லும், ஊதாப் பூ பூக்கிற அடும்புக்கொடியும்தான் இந்த மணலைப் பிடித்துவைத்திருக்கின்றன. முனையில் இரண்டு கடலும் கலக்காமல் நிற்கும் என்று சொல்வார்கள். கலக்கத்தான் செய்கின்றன. காற்றைப் பொறுத்து ஒரு பக்கம் கலங்கலும் மறு பக்கம் தெளிவுமாக இருப்பதால் கோடு தெரிகிறது. அங்கே தண்ணீரில் இறங்கவே கூடாது, முழங்கால் அளவுகூட. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், காலடி மணலை வாரிக்கொண்டு போகும்.

பிள்ளைகள் குளிக்க வேண்டுமே என்றால் உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரைக்குப் போங்கள். பெண் கடல், சவுக்குத் தோப்பு நிழல், ஆழம் மெதுவாகத்தான் ஏறும். பிப்ரவரியில் வாடை கொஞ்சம் மிச்சமிருந்தால் அலை இருக்கும், அன்று விட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் காரங்காட்டுக்கு வையுங்கள். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் கால்வாய் வழியாகப் படகில் கூட்டிப்போவார்கள். உள்ளூர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துவது. வேர்கள் மூச்சுவிட மண்ணுக்கு மேலே பென்சில் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். இலையின் அடியைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். இந்தப் பயணத்தில் பிள்ளைகள் கடைசிவரை மறக்காதது தீவாக இருக்காது, இதுவாகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். என் அக்கா பிள்ளைகள் இன்றும் அந்த உப்பு இலையைத்தான் பேசுகிறார்கள். திரும்புகிற வழியில் ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாயில் தண்ணீர் இருந்தால் பத்து நிமிடம் நில்லுங்கள். கருவேல மரம் தெரியாத அளவுக்குக் கூழைக்கடாவும் நாரையும் உட்கார்ந்திருக்கும். கண்மாய் வற்றிய வருடம் என்றால் ஒன்றும் இருக்காது, நேராக ஊருக்குக் கிளம்பலாம்.

முதல் நாள் குந்துகாலுக்குப் போகும்போது காலையில் சின்னப்பாலம் பக்கம் பெண்கள் படகேறுவதைப் பார்க்கலாம். பாசி எடுக்கப் போகிறவர்கள். கண்ணாடி போட்டு, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று பாசியின் பெயரெல்லாம் அவர்கள் வைத்தவை. நான் ஆய்வகத்தில் லத்தீனில் படித்த பல பாசிகளைக் கடலில் அடையாளம் காட்டித் தந்தது அவர்கள்தான். தீவுகள் பூங்காவான பிறகு அவர்கள் பிழைப்பு இறுகிப்போனது உண்மை. கடல் உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்கிற நான், இதில் இரண்டு பக்கத்து நியாயமும் கண்ணெதிரே நிற்பதால் சுலபமாக ஒரு பக்கம் சாய மாட்டேன். படமெடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். நேரமிருந்து அவர்களும் பேசினால், சின்னவளை விட்டு ஆவுளியா பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.